கையால் செய்த மாண்டலினில் சுருதி விலகுகிறது, ஒலியும் அடைத்தாற்போல் இருக்கிறது. திருப்பி அனுப்புவதா, வீட்டிலேயே சரிசெய்யலாமா?

கேள்வி கேட்டவர் சொல்லியிருப்பது இதுதான்: சொல்லிச் செய்வித்த மாண்டலின் போன வாரம் கைக்கு வந்திருக்கிறது. விரல் வைக்காமல் மீட்டினால் கம்பிகள் சுருதியோடு பேசுகின்றன. கழுத்தின் குறுக்கே பதித்த உலோக மெட்டில் விரல் வைத்ததும் விலகுகின்றன. ஒலியில் உயிர் இல்லை. வாசித்துப் பதிவு செய்யவும் ஆசை.

திருப்பி அனுப்பாதீர்கள். இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். கைபேசியை மேசைமேல் வைத்து, ஒரு சரளிவரிசையை மெதுவாக வாசித்துப் பதிவு செய்யுங்கள். மறுநாள் காலையில் கேளுங்கள். வாசிக்கும்போது நம் காது விரலுக்குப் பரிந்து பேசும். எந்த ஸ்வரம் வர வேண்டும் என்று மனம் முன்கூட்டியே பாடிவிடுவதால், விலகி வந்ததைக்கூடச் சரியாக வந்ததாக ஏற்றுக்கொள்ளும். பதிவில் அந்தச் சலுகை கிடையாது. என் மாண்டலினை நான் சரிசெய்தது முழுக்கப் பதிவுகளை வைத்துத்தான். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதே வரிசை, அதே இடம், அதே நாற்காலி. கோப்புக்குத் தேதியையே பெயராக வைத்தேன்.

என்னுடையதைச் செய்தவர் தஞ்சாவூரில் வீணை செய்பவர். மாண்டலின் அவருக்குப் புதிது. முதுகும் பக்கமும் அவருக்குப் பழகிய பலாமரம். மேல் பலகைக்கு மட்டும் நான் ஸ்ப்ரூஸ் மரம் வாங்கிக் கொடுத்தேன், அதை லேசான வளைவோடு இழைத்துக் கொடுத்தார். மெட்டுகள் பதித்ததில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் முதல் நாள் ஒலி, நீங்கள் சொல்வதுபோலவே, போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

காரணம் குதிரை. வீணையைப் போலவே மாண்டலினிலும் கம்பிகளைத் தாங்குவது குதிரைதான். மாண்டலினில் அது பலகையோடு ஒட்டப்படுவதில்லை. நான்கு ஜோடிகளாக உள்ள எட்டுக் கம்பிகளின் அழுத்தம் மட்டுமே அதை நிறுத்தி வைத்திருக்கிறது. கம்பியின் அதிர்வு பலகைக்குள் இறங்க அது ஒன்றுதான் வழி. அதன் பாதம் பலகையில் முழுதாகப் படியாவிட்டால் ஒலி பாதியிலேயே நின்றுவிடும். ஒரு டார்ச் விளக்கைக் குதிரைக்குப் பின்னால் பிடித்து முன்னாலிருந்து பாருங்கள். என்னுடையதில் இடது பாதத்துக்கு அடியில் வெளிச்சம் கோடாகத் தெரிந்தது. ஒரு தபால் அட்டையின் முனை உள்ளே போனது.

இதைச் சரிசெய்ய ஒரு மாலைப் பொழுது போதும், பொறுமைதான் வேண்டும். குதிரை இருக்கும் இடத்தை இருபுறமும் காகித நாடா ஒட்டிப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். கம்பிகளைத் தளர்த்திக் குதிரையை வெளியே எடுங்கள். அந்த இடத்தில் 120ஆம் எண் உப்புத்தாளைச் சொரசொரப்புப் பக்கம் மேலே இருக்கும்படி விரித்து, நான்கு ஓரங்களையும் நாடாவால் ஒட்டுங்கள். இப்போது குதிரையை அதன்மேல் நிமிர்த்திப் பிடித்து, கம்பி ஓடும் திசையில் முன்னும் பின்னும் தேயுங்கள். பாதம் பலகையின் வளைவையே அச்சாக எடுத்துக்கொள்ளும். பத்துத் தடவை தேய்த்துவிட்டுத் திருப்பிப் பாருங்கள். தேய்ந்த இடம் வெளுத்தும் தேயாத இடம் பளபளத்தும் நிற்கும். பளபளப்பு முழுதும் போகிறவரை தேய்க்க வேண்டும். பிறகு 220ஆம் எண் தாளில் இரண்டு தேய்ப்பு. கை ஒருபக்கம் சாய்ந்தால் குதிரையும் சாய்ந்துவிடும், அதனால் அவசரப்படக் கூடாது. நான் முடித்தபோது மடியெல்லாம் கருங்காலித் தூள். கம்பியை ஏற்றி ஒரு மீட்டு மீட்டினேன். பலகை அதிர்வதை நெஞ்சில் உணர்ந்தேன். அன்றைய பதிவையும் முந்தைய நாள் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டால் வேறு வேறு வாத்தியங்கள் என்றே யாரும் சொல்வார்கள்.

இனி சுருதி. இங்கே வரிசை முக்கியம். நான் வரிசை தவறிச் செய்து, செய்ததையே மறுபடி செய்தேன். தண்டியின், அதாவது வாத்தியத்தின் கழுத்தின், வளைவை முதலில் பாருங்கள். கம்பியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்தினால் நடுவில், 7ஆவது மெட்டின்மேல், ஒரு மயிரிழை இடைவெளி இருக்க வேண்டும். அதற்குப் பிறகு தலைப்பக்கம். சுருதி கூட்டத் திருகும் பிருடைகளிலிருந்து வரும் கம்பிகள் காடிகளில் உட்கார்ந்து இறங்கும் எலும்புத் துண்டு ஒன்று இருக்கிறதே, மேற்கத்திய வாத்தியக்காரர்கள் நட் என்பது, அதன் காடிகள் போதிய ஆழம் இல்லாவிட்டால் முதல் இரண்டு மூன்று மெட்டுகளில் அழுத்தும்போது கம்பி தேவைக்கு மேல் இழுபட்டு ஸ்வரம் ஏறிவிடும். சோதிப்பது எளிது. 3ஆவது மெட்டில் அழுத்திக்கொண்டு முதல் மெட்டின்மேல் பாருங்கள். கம்பி தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். என்னுடையதில் அங்கே ஒரு விசிட்டிங் கார்டே நுழைந்தது.

இதை எனக்குக் காட்டிக்கொடுத்தது மாயாமாளவகௌளை ராகம். மாண்டலினின் வழக்கமான சுருதி வயலினுடையதேதான்: ஜி, டி, ஏ, இ. நான் மேல் ஜோடிகள் இரண்டையும் ஒரு முழு ஸ்வரம் இறக்கி ஜி, டி, ஜி, டி என்று வைத்துக்கொள்கிறேன். அதாவது ஜியை ஷட்ஜமாகக் கொண்ட 5 கட்டைச் சுருதியில் ஸ, ப, ஸ, ப. இந்த அமைப்பில் மாயாமாளவகௌளையின் ரிஷபமும் தைவதமும் எல்லா ஸ்தாயியிலும் முதல் மெட்டிலேயே வந்து விழும். காடியில் உள்ள பிழை முழுவதும் அந்த ஒரு மெட்டில்தான் குவிகிறது. பிள்ளைகளுக்கு முதல் பாடமாகச் சொல்லித்தரும் ராகமே வாத்தியத்துக்கும் முதல் பரீட்சையாக அமைந்துவிட்டது. என் பதிவில் சுத்த ரிஷபம் ஒவ்வொரு தடவையும் எட்டிக் குதித்தது. சங்கராபரணம் வாசித்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

காடி அரத்தில் நான் கை வைக்கவில்லை. ஒரு தேய்ப்பு கூடிப்போனால் கம்பி முதல் மெட்டில் இடித்து இரையும், அந்த எலும்பையே மாற்ற வேண்டி வரும். கைபேசியோடு தஞ்சாவூருக்குப் போனேன். பதிவைக் காதோரம் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு முறை கேட்டார். "வீணையில் என்றால் மெழுகைச் சூடாக்கி மெட்டை நகர்த்திவிடுவேன், தம்பி. இதில் எல்லாம் அடித்து இறக்கிய மெட்டு. காடியைத்தான் இறக்க வேண்டும்" என்றார். ஒவ்வொரு காடியிலும் மூன்று தேய்ப்பு, ஒரு மீட்டு, மறுபடி இரண்டு தேய்ப்பு. கடைசியில் பென்சில் கரியைச் சுரண்டிக் காடிகளுக்குள் தடவினார். பிருடையைத் திருகும்போது கம்பி 'டிங்' என்று சிக்கி எகிறுவது அத்தோடு நின்றது.

காடி சரியான பிறகுதான் குதிரையின் இடம். 12ஆவது மெட்டுக்கு நேர்மேலே கம்பியை விரல் நுனியால் மெல்லத் தொட்டு மீட்டினால் மணி போன்ற ஒலி எழும். அதே மெட்டில் அழுத்தியும் மீட்டுங்கள். அழுத்திய ஸ்வரம் ஏறியிருந்தால் குதிரையை வால்பக்கமாகவும், இறங்கியிருந்தால் தண்டிப்பக்கமாகவும் நகர்த்த வேண்டும். ஒரு தடவைக்கு அரை மில்லிமீட்டர் போதும். கம்பியை ஓரளவு தளர்த்திவிட்டு நகர்த்துங்கள். எல்லாக் கம்பிகளையும் ஒரேயடியாகக் கழற்றினால் குதிரை விழுந்துவிடும். சுருதி ஏற்ற ஏற்றக் குதிரையின் தலை தண்டிப்பக்கம் சாயும், அதையும் அவ்வப்போது நிமிர்த்தி வையுங்கள். நான் சொன்ன ஸ-ப அமைப்பில் இன்னும் சில சோதனைகள் கிடைக்கின்றன. கீழ் ஜி கம்பியின் 7ஆவது மெட்டும் அடுத்த டி கம்பியின் வெறும் மீட்டும் ஒரே பஞ்சமமாக ஒலிக்க வேண்டும். டி கம்பியின் 5ஆவது மெட்டும் மேல் ஜி கம்பியும் ஒரே ஷட்ஜம்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு ஸ்வரம் உங்களை உறுத்தும். அது 4ஆவது மெட்டின் அந்தர காந்தாரம். அது செய்தவரின் பிழை இல்லை. மாண்டலினின் மெட்டுகள் ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரிப்பவை. அரை ஸ்வரத்தை 100 சென்ட் என்று கொண்டால் அந்த மெட்டு 400 சென்டில் நிற்கிறது. தம்புரா தன் ஒலிக்குள்ளிருந்தே எழுப்பும் காந்தாரமோ 386 சென்டில் இருக்கிறது. தம்புராவோடு வாசித்தால் அந்த 14 சென்ட் உரசுவது தெளிவாகக் கேட்கும். பஞ்சமத்தில் வித்தியாசம் 2 சென்ட்தான், காதுக்கு எட்டாது. நான் செய்வது, அந்தர காந்தாரத்தில் நீண்டு நிற்காமல் மத்தியமத்தைத் தொட்டு இறங்குவது. மனதார அங்கே நிற்க விரும்பும் இடங்களில் மாண்டலின் எனக்கு இன்னும் தடையாகத்தான் இருக்கிறது.

இரட்டைக் கம்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு ஜோடியில் ஒன்று 392 ஹெர்ட்ஸிலும் மற்றது 393இலும் இருந்தால் விநாடிக்கு ஒரு முறை ஒலி பெருகித் தணியும். அந்த அலை நிற்கும்வரை பிருடையைத் திருகுவதுதான் ஜோடி சேர்க்கும் முறை. கருவி காட்டும் முள்ளைவிட இது நுட்பமானது. ஆனால் கமகத்துக்காக, அதாவது ஸ்வரத்தை அசைப்பதற்காக, ஜோடியைப் பக்கவாட்டில் இழுத்தால் இரண்டும் ஒரே அளவாக இழுபடுவதில்லை, தோடி ராகத்தின் காந்தாரம் இரண்டாகப் பிளந்துவிடும். கர்நாடக இசைக் கலைஞர் உ. ஸ்ரீநிவாஸ் மின் மாண்டலினை எடுத்து, ஜோடிகளை ஒற்றைக் கம்பிகளாக்கி, ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டதன் அருமை இரட்டைக் கம்பியில் தோடி வாசித்துப் பார்த்தவருக்குத்தான் முழுதாகப் புரியும். 2014இல் 45 வயதில் அவர் மறைந்தது இன்றும் எனக்குத் தாங்காத செய்தி. கச்சேரி வாசிப்பதே உங்கள் நோக்கம் என்றால் அவர் வழியே வழி. நான் இரட்டைக் கம்பியை வைத்திருப்பது அந்த ஒலியின் நிறத்துக்காக. அதற்குப் பொருந்துவதையே தேர்ந்தெடுத்து வாசிக்கிறேன். முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டு ஸ்வரங்கள் சங்கராபரணத்தில், கமகம் அநேகமாக இல்லாமல், நேர் ஸ்வரங்களாக ஓடுபவை. மாண்டலினுக்கென்றே எழுதியதுபோல் விரலில் அமர்கின்றன.

பதிவுக்கு வருகிறேன். சோதனைக்குக் கைபேசி போதும். பிறர் கேட்பதற்கான பதிவுக்குப் போதாது. பல கைபேசிகள் மெல்லிய ஒலியைத் தாமாகவே தூக்கியும் உரத்ததை அமுக்கியும் விடுகின்றன. மாண்டலினின் அழகே அந்த ஏற்ற இறக்கம்தான். சிறிய கண்டென்சர் மைக் ஒன்றும் அதைக் கணினியோடு இணைக்கும் பெட்டியும் வாங்கினேன். மைக்கை ஒலித்துளைக்கு நேராக வைக்காதீர்கள், கீழ் ஸ்தாயி முழங்கி எல்லாவற்றையும் மூடிவிடும். தண்டி உடலோடு சேரும் இடத்தைப் பார்த்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். மிக அழுத்தி மீட்டும்போதும் அளவுமானி கழித்தல் 10 டெசிபெலைத் தாண்டாமல் இருக்கட்டும். தம்புராவை ஹெட்ஃபோனில் மட்டும் கேட்டுக்கொண்டு வாசித்து, பிறகு தனித் தடமாகச் சேருங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். நான் காலை ஐந்து மணிக்கு உட்கார்ந்துவிடுவேன். துணி அடுக்கிய பீரோவைத் திறந்து வைத்து அதற்கு முன்னால் அமர்கிறேன். வெற்றுச் சுவரிலிருந்து திரும்பும் ஒலி பெருமளவு குறைந்துவிடுகிறது.

மைக்கில் முதல் நாள் கேட்டபோது ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் பின்னால் ஒரு மெல்லிய சீழ்க்கை இருந்தது. இரண்டு நாள் தேடினேன். பிருடைத் திருகுகளை இறுக்கினேன், பொத்தான் உரசுகிறதா என்று சட்டையைக்கூட மாற்றினேன். குதிரைக்கும் வால் தகட்டுக்கும் இடையில் சும்மா கிடக்கும் கம்பித் துண்டுகள் தாமாக அதிர்ந்து பாடிக்கொண்டிருந்திருக்கின்றன. விரல் அகலக் கம்பளித் துணியை அந்த எட்டுக் கம்பிகளுக்கிடையே மேலும் கீழுமாக நெய்ததுபோல் செருகினேன். சீழ்க்கை போய்விட்டது. கம்பியை மீட்டும் சில்லான பிளெக்ட்ரத்தின் 'டிக்' ஓசை குறைய, மெல்லியதை விட்டு ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுக்கு மாறி, கூர்முனைக்குப் பதிலாக மழுங்கிய மூலையால் மீட்டுகிறேன்.

மழைக்காலத்தில் பலகை ஈரம் ஏறிச் சற்று உப்பும், கம்பிகள் மெட்டிலிருந்து உயரும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். நவம்பரில் விலகிய சுருதிக்காகக் குதிரையை நகர்த்தினால் மார்ச்சில் திரும்பவும் நகர்த்த வேண்டிவரும் என்பதால், அந்த மாதங்களில் நான் எதையும் தொடுவதில்லை.

உங்கள் முதல் பதிவில் மாயாமாளவகௌளை ஆரோகண அவரோகணத்தை ஒவ்வொரு ஸ்வரமும் நான்கு எண்ணிக்கை நிற்கும்படி வாசித்து, கருத்துப் பகுதியில் இணையுங்கள். ரிஷபத்தையும் தைவதத்தையும் கேட்டுவிட்டு, காடியா குதிரையா என்று சொல்கிறேன்.