ஐரிஸ் இலையை எப்போது வெட்டுவது?

அன்புள்ள தங்கைக்கு,

கனடாவின் ஸ்காபரோவில் நீங்கள் புதிதாகக் குடிவந்த வீட்டின் பின்வளவில் ஐரிஸ் பூத்து ஓய்ந்துவிட்டது என்றும், வாள் போல நிற்கும் இலைகளை இப்போதே வெட்டிவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வெட்டாதீர்கள். வாடிய பூத்தண்டை மட்டும் அடியோடு நறுக்கிவிட்டு, பச்சை இலைகளை அப்படியே விட்டுவிடுங்கள். ஊரில் வசம்புச் செடியைப் பார்த்திருந்தால் இது எளிதில் விளங்கும்: இலை அதைப் போலவே தட்டையாக எழும்ப, கிழங்கு மண்ணோடு மண்ணாகப் படர்ந்து கிடக்கும். கோடை முழுவதும் அந்த இலைகள் சேர்த்துக் கொடுக்கும் உணவில்தான் அடுத்த ஆண்டுப் பூ இருக்கிறது. புள்ளி விழுந்த இலைகளை அவ்வப்போது களைந்தால் போதும். மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆகஸ்டில் கிழங்கைப் பிரித்து நடும்போது மட்டும், இலைகளை 6 அங்குலமாகக் குறைப்போம்.

வெட்ட வேண்டிய காலம் பனிக்காலத்தின் வாசல். இந்த நாட்டுக்கு வந்த புதிதில், காய்ந்த இலை கிழங்கைக் குளிரிலிருந்து காக்கும் என்று நம்பி நான் அதை அப்படியே விட்டேன். அடுத்த ஜூனில் ஒரு செடியைத் தொட்டதும் அது கையோடு வந்தது. கூழாகிப்போன கிழங்கின் நாற்றத்துக்கு நடுவே, பழுப்புத் தலையும் இளஞ்சிவப்பு உடலுமாக ஒரு தடித்த புழு நெளிந்தது. இலையுதிர் காலத்தில் ஓர் அந்துப்பூச்சி இந்தக் காய்ந்த இலைகளில்தான் முட்டையிடுகிறது. முட்டை பனியைத் தாங்கிக் கிடந்து வசந்தத்தில் பொரிக்க, புழு இலையைத் துளைத்துக் கிழங்குவரை இறங்குகிறது, அந்தக் காயத்தின் வழியே அழுகல் நோயும் புகுந்துவிடுகிறது.

ஆகவே, கடும் உறைபனி சில இரவுகள் விழுந்து இலைகள் துவண்ட பின், பெரும்பாலும் நவம்பரில், 3 அங்குலம் விட்டு வெட்டி, கிழங்கைச் சுற்றிக் கிடக்கும் சருகையும் விரலால் வழித்தெடுங்கள். அவற்றை வீட்டு உரக்குழியில் போடாமல், தோட்டக் கழிவுக்கான காகிதப் பையில் கட்டி மாநகரசபை வண்டிக்கு வையுங்கள்.

மே மாதத்தில் புது இலைகளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நீர் ஊறியது போன்ற கோடு கீழ்நோக்கி ஓடினால், புழு அதற்குள் இருக்கிறது. அந்த இடத்தை இரு விரல்களால் அழுத்தி நசுக்கிவிடுங்கள்.