ஃபண்ட் போட மலிவான இடம் கேட்ட தம்பிக்கு

இங்கிலாந்தில் ரெடிங்குக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது, மாதம் 300 பவுண்டு மிஞ்சுகிறது. ஃபண்ட் வாங்கி வைக்க உதவும் ஆன்லைன் பிளாட்ஃபார்ம்களில் கட்டணம் குறைந்தது எது, எந்த ஃபண்ட் வாங்குவது, இல்லை வீடு வாங்கும்வரை பேசாமல் பேங்கிலேயே போட்டு வைப்பதா? இதுதானே தம்பி உங்கள் கேள்வி? எந்த ஃபண்ட் என்று நான் சொல்ல மாட்டேன். ஏறினால் உங்கள் கெட்டிக்காரத்தனம், இறங்கினால் பழி எனக்கு. வீட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், நம்மவர் மூன்று பேர் கூடினால் அதில் நான்கு கருத்து இருக்கும். முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அதில் நான் சூடு பட்டிருக்கிறேன்.

நான் வந்தது 2004 ஜனவரியில். லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டின் மேல்மாடி அறை, இரண்டு கட்டில், மூன்று பேர். அந்த அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோட் சூட் போட்ட ஓர் அண்ணன் வந்தார். நம் ஊர்ப் பக்கம், நம் பேச்சு. அடுப்பில் சாம்பார் கொதிக்கிறது, சமையலறை மேசையில் வழவழ தாளில் அச்சடித்த படங்களை விரிக்கிறார். மாதம் 100 பவுண்டு போடும் 25 வருட முதலீட்டுத் திட்டம், கடைசியில் வரும் தொகைக்குக் கீழே பேனாவால் இரண்டு கோடு. "தம்பி, நான் உங்களிடம் ஒரு பைசா வாங்க மாட்டேன்" என்றார். உண்மைதான், என்னிடம் நேராக வாங்கவில்லை. அவருக்குக் கமிஷனாகப் படி அளந்தது அந்தத் திட்டத்தை நடத்தும் நிறுவனம், அளந்தது என் முதல் ஒன்றரை வருடத் தவணையிலிருந்து.

ஆறு வருடம் நான் அந்தக் கணக்கைத் திறந்தே பார்க்கவில்லை. வருடா வருடம் வரும் பழுப்பு உறையை மைக்ரோவேவ் மேல் போடுவேன், அதன் மேல் பீட்சா கடை நோட்டீஸ் சேரும். 2011 பிப்ரவரியில் வீட்டுக் கடனுக்குக் காகிதம் தேடும்போது பிரித்தேன். கட்டியது 7,600 பவுண்டு. அன்றைக்கு நிறுத்தினால் கையில் கிடைப்பது 5,340. அண்ணனுக்குப் போன் போட்டால், "2008-ல் உலகமே விழுந்ததே தம்பி" என்றார். விழுந்தது, எழுந்தும் விட்டதே! இங்கத்திய பங்குச் சந்தைக் குறியீடான எஃப்டிஎஸ்இ 100 அந்த மாதம் 6,000-ஐ ஒட்டி நின்றது, நான் சேர்ந்த நாளைவிட நன்றாகவே மேலே. சந்தை தின்றதைவிடக் கட்டணம் தின்றதுதான் அதிகம்.

அந்தக் காலம் போய்விட்டது. 2012 டிசம்பர் 31 முதல் இங்கே முதலீட்டு ஆலோசகர்கள் ஃபண்ட் கம்பெனியிடம் கமிஷன் வாங்கக் கூடாது என்று சட்டம் வந்தது. வேடிக்கை என்னவென்றால் அதற்கு மறுநாள், 2013 ஜனவரி 1-ல்தான், இந்திய மியூச்சுவல் ஃபண்டுகளில் கமிஷன் இல்லாத டைரக்ட் பிளான் தொடங்கியது. என் பணம் எட்டு வருடம் முந்திப் பிறந்துவிட்டது, அவ்வளவுதான்.

சரி, இன்றைய கணக்குக்கு வருவோம். எந்தப் பிளாட்ஃபார்மிலும் இரண்டு கட்டணம் உண்டு. ஃபண்டுக்குள்ளேயே கழிகிற ஓசிஎஃப் ஒன்று. குறியீட்டை அப்படியே பின்தொடரும் ஃபண்டில் இது 0.1, 0.2 சதவீதம் என்ற அளவில் இருக்கும், மேலாளர் பார்த்துப் பார்த்து வாங்கும் ஃபண்டில் 0.75-க்கும் மேலே போகும். இன்னொன்று பிளாட்ஃபார்ம் தனக்கு வாங்குவது. நம்மவர்கள் இரண்டில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு "சீப்" என்று சொல்லிவிடுவார்கள். இரண்டையும் கூட்டுங்கள், கூட்டியதைச் சதவீதத்தில் வைக்காமல் பவுண்டில் எழுதுங்கள். ஒரு லட்சம் பவுண்டு 20 வருடம் 5 சதவீதத்தில் வளர்ந்தால் 2,65,000 சொச்சம். கட்டணம் 1 சதவீதம் கூடி 4 ஆனால் 2,19,000. நடுவில் போன 46,000-ஐ யாரும் உங்களிடம் பில் போட்டுக் கேட்கப் போவதில்லை.

இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள். "வான்கார்டுதான் மலிவு, 0.15 சதவீதம்" என்று, சொந்தப் பிளாட்ஃபார்ம் வைத்திருக்கும் அந்த ஃபண்ட் கம்பெனியைப் பற்றி உங்கள் ஆபீசில் யாராவது சொல்லியிருப்பார்கள். சொல்பவர் சேர்ந்த காலத்தில் அது சரி. 2025 ஜனவரி கடைசியிலிருந்து, 32,000 பவுண்டுக்குக் கீழே இருந்தால் மாதம் 4 பவுண்டு என்று வைத்துவிட்டார்கள். வருடம் 48. நீங்கள் மாதம் 300 போட்டால் முதல் வருடக் கடைசியில் இருப்பது 3,600. அதற்கு 0.25 சதவீதம் வாங்கும் இடத்தில் 9 பவுண்டு, 0.45 வாங்கும் இடத்தில்கூட 16 பவுண்டு சொச்சம்தான். அதாவது மலிவு என்று பேர் எடுத்த இடம் உங்களுக்கு விலை அதிகம். பணம் 19,000 தாண்டியதும் கதை திரும்பும்: 0.25-காரர் 48-க்கு மேல் கேட்கத் தொடங்குவார். வான்கார்டில் உச்சவரம்பும் உண்டு, வருடம் 375-க்கு மேல் வாங்குவதில்லை. ஆனால் அங்கே அவர்கள் ஃபண்ட் மட்டும்தான் கிடைக்கும். இரண்டு மூன்று லட்சம் சேர்ந்தவர்களுக்கு, பணம் எவ்வளவு இருந்தாலும் மாதம் இத்தனை பவுண்டு என்று கட்டணத்தை மாற்றாமல் வாங்கும் இடம் கட்டுப்படியாகும். உங்களுக்கு அது இப்போதைக்குப் பேச்சே இல்லை. கட்டணத்தை அடிக்கடி மாற்றுகிறார்கள், கணக்குத் திறக்கும் அன்று அவர்கள் பட்டியலையே பாருங்கள், என் பேச்சை அல்ல.

கட்டணமே இல்லை என்று சொல்லும் ஆப்களும் இருக்கின்றன. சோற்றுக்கு வழி இல்லாமலா கடை நடத்துகிறார்கள்? டாலரில் வாங்கினால் நாணய மாற்றில் எடுப்பார்கள், நீங்கள் முதலீடு செய்யாமல் வைத்திருக்கும் காசின் வட்டியில் ஒரு பங்கு எடுப்பார்கள். அது தப்பில்லை, எங்கே எடுக்கிறார்கள் என்று தெரிந்தால் போதும். நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் எஃப்சிஏ-யின் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். நிறுவனம் மூழ்கினால் எஃப்எஸ்சிஎஸ் என்ற ஈட்டுத் திட்டம் ஒருவருக்கு, ஒரு நிறுவனத்துக்கு 85,000 பவுண்டு வரை ஈடு தரும். சந்தை விழுந்து போனதற்குத் தராது. இதை என் பக்கத்து வீட்டுக்காரருக்கு இன்றுவரை புரிய வைக்க முடியவில்லை.

எதைத் திறந்தாலும் ஐசாவாகத் திறங்கள், லாபத்துக்கு வரி இல்லாத கணக்கு அது. வருடம் 20,000 பவுண்டு வரை போடலாம், ஏப்ரல் 6 முதல் மறு ஏப்ரல் 5 வரை ஒரு வருடம். 2024 ஏப்ரலிலிருந்து ஒரே வருடத்தில் இரண்டு இடத்தில்கூட ஷேர்ஸ் ஐசாவில் (ஃபண்டும் பங்கும் வாங்கும் ஐசா) பணம் போடலாம், ஆகையால் முதல் தேர்வு தவறினால் குடி முழுகிப் போகாது. பிறகு இடம் மாற்ற வேண்டுமென்றால், புது நிறுவனத்திடம் டிரான்ஸ்ஃபர் படிவம் கொடுத்து மாற்றுங்கள். நீங்களாகப் பணத்தை வெளியே எடுக்காதீர்கள். ஹாரோவில் என் நண்பர் ஒருவர், லிட்டருக்கு இரண்டு பென்ஸ் குறைவு என்று மூன்று மைல் ஓட்டிப் போய்ப் பெட்ரோல் போடுகிறவர், 38,000 பவுண்டு ஐசாவை விற்றுப் பேங்கில் போட்டார், புது இடத்தில் போட. புது இடம் அந்த வருடம் 20,000-க்கு மேல் ஏற்கவில்லை. மீதி 18,000 வரிச் சலுகைக்கு வெளியே நின்றது. இப்போது அதைப் பற்றி அவரிடம் யாரும் பேசுவதில்லை.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. ஊரில் எஸ்ஐபி ஓடிக்கொண்டிருக்கிறதா? இருந்தால் கவனம். இந்திய மியூச்சுவல் ஃபண்டுகள் பெரும்பாலும் இங்கத்திய வரித்துறையான எச்எம்ஆர்சி-யின் ரிப்போர்ட்டிங் ஃபண்ட் (அவர்களிடம் வருமானக் கணக்குக் காட்டும் ஃபண்ட்) பட்டியலில் இல்லாதவை. அப்படிப்பட்டதை இங்கே வசிக்கும்போது விற்றால், லாபத்தை மூலதன ஆதாயமாகப் பார்க்காமல் சம்பளம் மாதிரி வருமானமாகவே பார்த்து வரி போடுவார்கள். 40 சதவீத அடுக்கில் இருந்தால் 40. வெளிநாட்டில் இருப்பவர் ஊர் வங்கியில் போடும் என்ஆர்ஈ எஃப்டி வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்பதால் இங்கேயும் இல்லை என்று நினைக்கிறவர்கள் கோயில் அன்னதான வரிசையில் பத்துப் பேராவது நிற்பார்கள். வரி உண்டு. இந்திய வங்கிக் கணக்கு விவரம் 2017 முதல் நாடுகளுக்கிடையே பரிமாறப்படுகிறது, யாருக்குத் தெரியப் போகிறது என்ற காலமெல்லாம் முடிந்தது. இதற்குமுன் தொடர்ந்து பத்து வருடம் இங்கே வசிக்காதவர் நீங்கள் என்றால், 2025 ஏப்ரலில் வந்த புது விதிப்படி முதல் நான்கு வருடம் வெளிநாட்டு வருமானத்துக்கு விலக்கு கோரலாம். தானாக வராது, வரி ரிட்டர்னில் நாம்தான் கேட்க வேண்டும். கேட்டால் அந்த வருடத்துக்கான 12,570 பவுண்டு வரியில்லா வரம்பு போய்விடும். எஃப்டி வட்டி சின்னதாக இருந்தால் அந்த விலக்கைக் கேட்டு நஷ்டப்படாதீர்கள்.

ஆபீஸ் பென்ஷனிலிருந்து வெளியே வந்துவிட்டீர்களா? "நாம் என்ன இங்கேயே கிழவனாகப் போகிறோமா" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருகிற பையன்களைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். முதலாளி சட்டப்படி குறைந்தது 3 சதவீதம் போடுகிறார். அதை விட்டுவிட்டுப் பிளாட்ஃபார்ம் கட்டணத்தில் 7 பவுண்டு மிச்சம் பிடிக்க ராத்திரி இரண்டு மணி வரை யூடியூப் பார்ப்பது, கோழியைப் பறிகொடுத்துவிட்டு முட்டை ஓட்டை எண்ணுவது மாதிரி. நானும் மூன்று வருடம் கழித்துத்தான் சேர்ந்தேன், அதனால் சொல்கிறேன்.

எங்களுக்கு இதையெல்லாம் சொல்ல ஆள் இல்லை. ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவரின் மளிகைக் கடை இருந்தது. எங்கள் மூன்று பேருக்கும் மாதக் கடைசியில் அரிசியைக் கடனாகக் கொடுத்தவர் அவர்தான். நான் அந்த 25 வருடக் காகிதத்தைக் காட்டியபோது கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தம்பி, உதில உங்கட பெயர் எங்க இருக்கு, அவையின்ர பெயர் எங்க இருக்கு எண்டு எண்ணிப் பாருங்கோ" என்றார். சிரித்துவிட்டு வந்தேன். எண்ணிப் பார்க்க ஆறு வருடம் ஆயிற்று.

கோட் சூட் அண்ணனைப் போன மாதம் கோயிலில் பார்த்தேன். தலை நரைத்துவிட்டது, கோட் மட்டும் அதே நீலம். திருநீற்றைப் பூசிக்கொண்டே என்னிடம் வந்து, "தம்பி, உயில் எழுதியாச்சா? நான் இப்போ அதுதான் பண்ணுறேன்" என்று ஒரு கார்டு நீட்டினார். வாங்கிக்கொண்டேன். மைக்ரோவேவ் மேல் இருக்கிறது.