பதினஞ்சு வயசுப் பொடியன் மில்லுல மூடை தூக்கிறான், ஆரிட்டச் சொல்றது?

கேள்வி: அக்கா, நாங்க வெல்லாவெளிப் பக்கம். என்ட மூத்தக்கா குவைத்துல வீட்டு வேலைக்கு நிக்கா, அவட மகன் எங்கட அம்மாவோட இரிக்கான், 15 வயசு. இப்ப ஸ்கூலுக்குப் போறதில்ல, ஒரு அரிசி மில்லுல மூடை தூக்கப் போறான். ஆபீசுல சொல்லுவம் எண்டா அம்மா விடுறா இல்ல. சண்ட நேரம் எங்கட சின்னண்ணன ரோட்டுல வெச்சிப் புடிச்சிக்கொண்டு போனாங்க, மறுகா வரவே இல்ல. பேரப் பதிஞ்சா இவனையும் கொண்டு போயிருவாங்க எண்டு அழுறா. என்ன செய்யலாம்?

பதில்: தங்கச்சி, அம்மாட பயத்தச் சும்மா பயம் எண்டு தள்ளிராதீங்க. 1991லயே ஐநா சிறுவர் உரிமைச் சமவாயத்துக்கு ஒப்புதல் குடுத்த நாடு நம்மட இலங்கை, ஆனா அதுக்குப் பிறகும் வருசக்கணக்கா மட்டக்களப்புப் புள்ளயள ரோட்டுல, கோயில் திருவிழாவுல வெச்சி ஆயுதக் குழுக்காரங்க சண்டைக்குப் புடிச்சாங்க, சண்டைக்குப் புள்ளயளச் சேக்கிறது குற்றம் எண்டு தண்டனைச் சட்டக்கோவையில எழுதினதே 2006லதான். அந்த நேரம் தன்ட மகனுக்கு உதவாத சட்டத்த இப்ப நம்பச் சொன்னா அம்மா எப்பிடி நம்புவா?

ஆனாலும் நம்பட்டும் எண்டுதான் நான் சொல்லுவன். 2016ல கட்டாயப் படிப்ப 16 வயசு வரைக்கும் கூட்டினாங்க, வேலைக்குப் போற வயசு மட்டும் 14லயே கிடந்திச்சு, அஞ்சு வருசம் கழிச்சு 2021லதான் அதையும் 16 ஆக்கினாங்க. கன முதலாளிமாருக்கு இன்னும் பழைய 14தான் நெனப்புல இரிக்கி. ஆபத்தான வேலை எண்டா 18க்குக் கீழ ஆரையும் வைக்கேலாது. பாரமான நெல்லு மூடைய முதுகுல வெச்சிப் பலகையால லொறியில ஏறுறது வளர்ற பொடியன்ட நாரிய என்ன செய்யும் எண்டு அம்மாவையே கேளுங்க.

இதுல பிழை மில்லுக்காரர்ட, பொடியன்ட இல்ல, அத அம்மாக்கு ரெண்டு மூணு தரம் சொல்லுங்க. புள்ளயப் பாக்க வீட்டுல ஆள் இரிக்கக்குள்ள வேலைக்குப் போனான் எண்டதுக்காக ஒரு உத்தியோகத்தர் தன்ட எண்ணத்துக்கு அவன சிறுவர் இல்லத்துல கொண்டு போய் விடேலாது, அது கோர்ட்டு தீர்மானிக்கிற விசயம்.

பிரதேச செயலகத்துல சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் எண்டு ஒராள் இரிப்பார், அவரத்தான் முதல்ல பாருங்க, ஏலுமெண்டா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்க, அவர்ட வாயால கேட்டாத்தான் அவக்கு மனசு ஆறும். அங்க சரிவராட்டி 1929க்கு அடிங்க, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைட இலக்கம், தமிழ்லயே பேசலாம். மில்லுக்காரர்ல முறைப்பாடு தொழில் திணைக்களத்துக்கு.

ஸ்கூல்ல அதிபரையும் பாருங்க, பேர வெட்டாம வெச்சிரிக்காங்களா எண்டு. பாடம் விட்டுப் போயிற்று, வகுப்புல இரிக்க வெக்கம் எண்டு பொடியன் சொன்னா வலயக் கல்வி அலுவலகத்துல முறைசாராக் கல்விக்குப் பொறுப்பானவர விசாரிங்க. அவன் ஏன் நிண்டவன் எண்டு நீங்க எழுதேல்ல, காசா, படிப்பு ஏறேல்லையா, இல்ல வாத்தியார் ஆரும் அடிச்சதா? அடியெண்டா அதையும் அந்த உத்தியோகத்தர்ட்டச் சொல்லுங்க. குவைத்துல இரிக்கிற அக்காக்கும் இண்டைக்கே கோல் எடுங்க, அவ அனுப்புற காசு பொடியன்ட படிப்புக்குப் போகுதா எண்டு அவக்குத் தெரியணும்.