சிலிண்டர் தளும்புகிறது, அடுப்பு எரியவில்லை

கேள்வி: ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்ச, புதிதாக நிரப்பிய 9 கிலோ கேஸ் சிலிண்டர் வாங்கினோம். விடியற்காலை, நல்ல குளிர். பெரிய அண்டாவை ஏற்றிக் கொஞ்ச நேரத்திலேயே தீ சுருங்கிவிட்டது. சிலிண்டரின் அடிப்பாகம் பனி படிந்து வெளுத்திருந்தது. ஆட்டினால் உள்ளே ஏதோ தளும்புகிறது. கடைக்காரர் தண்ணீர் கலந்திருப்பாரா?
– ஒரு வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க், தென்னாப்பிரிக்கா

பதில்: தளும்புவது பெரும்பாலும் தண்ணீர் இல்லை, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கேஸேதான். அழுத்தி அடைத்தால் அது திரவமாகிவிடும். வெளியே வாயுவாக விரிந்தால் ஏறக்குறைய 250 மடங்கு இடம் கேட்கும்.

அடுப்பைத் திறந்ததும் உள்ளே இருக்கும் திரவம் கொதித்து ஆவியாகிறது. கொதிக்கச் சூடு வேண்டுமே, அதைச் சுற்றியுள்ள காற்றிலிருந்துதான் சிலிண்டர் இழுத்துக்கொள்கிறது. குளிர்காலத்தில், அதுவும் அண்டா வைக்கிற பெரிய அடுப்புக்கு, அந்தச் சூடு போதாது. திரவம் குளிர்ந்து, அழுத்தம் இறங்கி, தீயும் சுருங்குகிறது. பனி படிந்தது அதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. இந்த கேஸ் புரோப்பேன், பியூட்டேன் இரண்டும் சேர்ந்த கலவை. கலவையில் ஒவ்வொன்றும் தன் குணத்தை விடுவதில்லை. புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிக்கும். பியூட்டேனுக்குக் கிட்டத்தட்ட பூஜ்ய டிகிரி வேண்டும். ஆகவே புரோப்பேன் முந்திக்கொண்டு வெளியேறும், கடைசியில் பியூட்டேன்தான் அதிகம் மிஞ்சும். குளிர்நாளில் சிலிண்டரின் கடைசிப் பங்கு மந்தமாக எரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்த முறை பெரிய சமையலுக்கு 19 கிலோ சிலிண்டர் எடுங்கள், அல்லது இரண்டை மாற்றி மாற்றிப் போடுங்கள். சிலிண்டருக்கு நெருப்பு காட்டுவது, படுக்க வைப்பது, இரண்டும் கூடவே கூடாது. படுத்தால் திரவமே குழாய்க்குள் வந்துவிடும்.

கடைக்காரர் எடையில் குறைத்திருப்பாரோ என்று சந்தேகமா? சரி, தராசில் வையுங்கள். காலி எடை சிலிண்டரின் மேல்பகுதியிலேயே பொறித்திருக்கும். அது 10.4 கிலோ என்றால், நிரப்பியபின் 19.4 இருக்க வேண்டும். கடையிலேயே, உங்கள் கண்முன் எடை போடச் சொல்லுங்கள். கிலோ கணக்கில் காசு வாங்குகிறவர் அதற்கு முகம் சுளிக்கக் கூடாது. மிச்சம் எவ்வளவு என்று பார்க்க அழுத்தமானி விற்கிறார்களே, அதை நான் வாங்கமாட்டேன். உள்ளே திரவம் இருக்கும்வரை அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்தே ஏறி இறங்கும். பாதி சிலிண்டரும் முழு சிலிண்டரும் அதற்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

கேள்வி: 2 லிட்டர் சூரியகாந்தி எண்ணெயை பாட்டிலோடு நிறுத்தால்கூட 2 கிலோ வரவில்லை. அளவு குறைத்து அடைக்கிறார்களா?
– ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: இல்லை. எண்ணெய் தண்ணீரைவிட அடர்த்தி குறைந்தது. ஒரு லிட்டர் ஏறத்தாழ 920 கிராம், இரண்டு லிட்டர் 1.84 கிலோ. நீங்கள் வாங்கியது கொள்ளளவு, நிறுத்தது எடை. உங்கள் தராசு, பாட்டில் போக, அதைவிட வெகுவாகக் குறைத்துக் காட்டினால் மட்டும் கடையில் கேளுங்கள்.

உங்கள் சந்தேகம் ஐஸ்கிரீம் பக்கம் திரும்பினால் நல்லது. அதுவும் லிட்டரில்தான் விற்பனை, ஆனால் அந்த லிட்டரில் அடித்து ஏற்றிய காற்றும் சேர்த்தி. ஒரே அளவுள்ள இரண்டு டப்பாக்களைக் கையில் தூக்கிப் பாருங்கள். கனமானதில் காற்று குறைவு.