எட்டுப் புளியங்கொட்டை

அன்புள்ள ஐயா,

பென்னாகரம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். ஏழாம் வகுப்புக்கு வாரம் ஒரு பீரியட் விளையாட்டுதான். பரமபதப் படம் வரைந்து, கட்டத்துக்குக் கட்டம் வாய்ப்பாட்டுக் கேள்வி எழுதி வைத்தேன். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். போன வாரம் ஒரு பையனின் அம்மா வந்து, "ஆடுறதுக்கா டீச்சர் பள்ளிக்கூடம் அனுப்புறோம்?" என்று கேட்டுவிட்டார். எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. பிள்ளைகள் நிஜமாகவே யோசிக்கிறார்களா, இல்லை சத்தம் மட்டும்தானா?

க., பென்னாகரம்

அன்புள்ள டீச்சர்,

அந்த அம்மாவின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பரமபதத்தில் ஆடுகிறவர் முடிவெடுக்க ஒன்றுமே கிடையாது. கட்டை விழுந்தபடி காய் நகரும், பாம்பு வந்தால் இறங்கும். அதில் வாய்ப்பாட்டை ஒட்டினால், ஒப்பிக்கிற வேலைக்கு வெல்லம் தடவியதாக ஆகும். மனப்பாடத்துக்கு உதவும், சரி. யோசிக்க வைக்காது.

நம் பக்கம் புளியங்கொட்டைக்குப் பஞ்சமில்லை. 21 கொட்டையை நடுவில் வையுங்கள். இருவர் மாறி மாறி ஒன்றோ இரண்டோ மூன்றோ எடுக்கலாம். கடைசிக் கொட்டையை எடுத்தவர் ஜெயித்தார். அவ்வளவுதான் ஆட்டம்.

முதல் நாலைந்து ஆட்டம் கைக்கு வந்தபடி எடுப்பார்கள். அப்புறம் ஒரு பிள்ளை கண்டுபிடித்துவிடும்: நாலு மிச்சமிருக்கும்போது நம் முறை வந்தால் தொலைந்தோம். இங்கேதான் நீங்கள் வாயைக் கட்டிக்கொள்ள வேண்டும். விளக்கிவிடாதீர்கள். "அந்த நாலை எதிராளி தலையில் கட்டுவது எப்படி?" என்று மட்டும் கேளுங்கள். எட்டு வரும், பன்னிரண்டு வரும், கடைசியில் இருபதும் வரும். நாலாம் வாய்ப்பாடு, ஆனால் ஒப்பித்தது அல்ல, அவர்களே தோண்டி எடுத்தது. முதலில் ஒன்று எடுத்து இருபதை விட்டால் ஜெயம்.

"முதல்ல ஆடுறவங்கதான் ஜெயிப்பாங்க" என்று வகுப்பு தீர்ப்பு சொன்னதும் விதியைத் திருப்பிப் போடுங்கள். கடைசிக் கொட்டையை எடுப்பவர் இப்போது தோற்றார். அதே 21தான். ஆனால் இந்த முறை, சரியாக ஆடத் தெரிந்த எதிராளியிடம் முதலில் ஆடுகிறவர் தப்பவே முடியாது. ஏன் என்று அவர்கள் சண்டை போடட்டும். அந்தச் சத்தம் நல்ல சத்தம்.

இன்னொரு வேலையும் உண்டு. விதியைப் பிள்ளைகளே மாற்றட்டும். என் அக்கா பேரன் ஒரு விதி போட்டான்: எதிராளி இப்போது எடுத்த எண்ணிக்கையை நான் எடுக்கக் கூடாது. நாலின் கணக்கெல்லாம் அங்கேயே உடைந்துவிட்டது. நான் ராத்திரி வெகுநேரம் காகிதத்தில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஒரு கொட்டைதான் மிச்சம், எதிராளியும் ஒன்றுதான் எடுத்தான், அப்போ?" என்று மடக்கினேன். "ஆட முடியாதவன் அவுட்" என்றான். இந்த மாதிரி ஆட்டங்களை ஆராயும் கணிதக்காரர்களும் வழக்கமாக அப்படித்தான் வைத்துக்கொள்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரியாது. இதே குடும்பத்தைச் சேர்ந்த, பல குவியல் வைத்து ஆடும் நிம் ஆட்டத்தின் முழுக் கணக்கையும் ஹார்வர்டில் இருந்த சார்லஸ் பூட்டன் 1901இல் எழுதினார். நம் பிள்ளைகளுக்கு அது இப்போதைக்கு வேண்டாம்.

நிகழ்தகவு நடத்தும்போது தாயக்கட்டையைக் கொண்டு போங்கள். எங்கள் வீட்டுக் கட்டையில் வெற்று, 1, 2, 3 என நாலு முகம். இரண்டு கட்டைக்கு 16 வகை விழும். அதில் மூன்று விழ நாலு வழி, தாயம், அதாவது ஒன்று, விழ இரண்டே வழி, இரண்டும் வெற்றாக விழுகிற பன்னிரண்டுக்கு ஒன்றே ஒன்று. தாயம் விழாமல் ஏன் காத்துக் கிடக்கிறோம் என்பதற்குக் காரணம் கிடைத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. வகுப்பு முழுவதையும் இரண்டு அணியாகப் பிரிக்காதீர்கள். வாய் பெரிய நாலு பேர் ஆடுவார்கள், மற்றவர்கள் கைதட்டுவார்கள். இருவர் இருவராக வராந்தாவில் உட்கார வையுங்கள். மதிப்பெண் உடனே ஏறும் என்று நான் சொல்ல மாட்டேன்.

அந்த அம்மா மறுபடி வந்தால் எட்டுக் கொட்டையை எடுத்து வையுங்கள், முதலில் சொன்ன விதியேதான். எதிரில் அவர் பையனே உட்காரட்டும். பெரியவங்க என்ற மரியாதைக்கு, அம்மாவை முதலில் எடுக்கச் சொல்லுங்கள்.