வரிசை அறிதல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இம்முறை வந்த கேள்விகளில் ஐந்து, ‘வரிசை’ என்னும் ஒரே சொல்லைச் சுற்றியவை. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும் ஆந்திர எல்லையோர ஊர்களிலிருந்து வந்தவை ஆதலால், இருமொழி வழக்கையும் சேர்த்தே விடையளிக்கிறேன்.

கேள்வி (நகரி): அண்டை வீட்டுத் தெலுங்கர்கள் உறவைக் கேட்கும்போது ‘ஏம் வருச?’ என்கிறார்கள். அது நம் வரிசைதானா?

பதில்: ஆம், இரண்டும் உறவுடைய சொற்களே. ஆனால் தெலுங்கில் நிரையாக நிற்பதற்கும், இன்னார் இன்னாருக்கு என்ன உறவு என்பதற்கும் அந்த ஒரு சொல்லே போதும். மணம் கொள்ளத் தக்கவர் யார், தகாதவர் யார் என்னும் வரம்பு முழுவதும் ‘வாவி வருசலு’ என்னும் தொடரில் அடங்கிவிடும். தமிழில் அந்தப் பொறுப்பு ‘முறை’க்குச் சென்றது. மாமன் மகளும் அத்தை மகளும் முறைப்பெண்கள். பெரியப்பா, சித்தப்பா மக்களும் பெரியம்மா, சித்தி மக்களும் உடன்பிறந்தார் முறையினர். உங்கள் வீட்டுத் தமிழில் ‘வருச’ கலந்தால் அதைத் திருத்த வேண்டியதில்லை.

கேள்வி (திருத்தணி): தட்டுகளை வரிசையாகத் தூக்கிச் செல்வதால்தான் ‘சீர்வரிசை’ என்கிறோமா?

பதில்: பலரும் அப்படிச் சொல்கிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. புறநானூற்றின் 121ஆம் பாடலில் கபிலர் குறுநில மன்னன் மலையமான் திருமுடிக்காரியிடம், ‘வரிசை அறிதலோ அரிதே, பெரிதும் ஈதல் எளிதே’ என்கிறார். நாற்றிசையிலிருந்தும் பரிசில் நாடி வருவோர்க்கு அள்ளிக் கொடுப்பது எளிது, அவரவர் தகுதியை அறிந்து கொடுப்பதே கடினம் என்பது கருத்து. ஆகவே புலவரிடத்து, எல்லோரையும் ஒன்றுபோல் பார்க்கும் பொதுநோக்கை விட்டுவிடு என்று முடிக்கிறார். திருக்குறளின் 528ஆம் பாவும் ‘பொதுநோக்கான் வேந்தன் வரிசையா நோக்கின்’ என்று அதே இரு சொற்களை எதிரெதிரே நிறுத்துகிறது. தகுதிக்கேற்ற சிறப்பே வரிசை; அந்தச் சிறப்பைக் காட்டத் தரும் பொருளுக்கும் பின்னர் அதுவே பெயராயிற்று. தாய்மாமன் கொண்டுவரும் சீருக்கு இப்பெயர் பொருந்தும். பட்டியல் போட்டுக் கேட்டு வாங்குவதற்கு 1961ஆம் ஆண்டுச் சட்டம் வரதட்சணை என்று பெயரிட்டிருக்கிறது. அதையும் சீர்வரிசை என்பது கபிலருக்குச் செய்யும் அநீதி.

கேள்வி (பள்ளிப்பட்டு, மாணவர்): கணிதத்தில் அணியின் (matrix) வரிசையும் வகைக்கெழுச் சமன்பாட்டின் (differential equation) வரிசையும் ஒன்றா?

பதில்: இல்லை. அணியின் வரிசை அதன் அளவைச் சொல்வது. கிடையான நிரைகளின் எண்ணிக்கை முதலிலும் செங்குத்தான நிரல்களின் எண்ணிக்கை அடுத்தும் வருவதால் 2×3 அணியும் 3×2 அணியும் வேறானவை. வகைக்கெழுச் சமன்பாட்டிலோ, அதிலுள்ள மிக உயர்ந்த வகைக்கெழு எத்தனையாவது என்பதே வரிசை. அந்த வகைக்கெழுவின் அடுக்கைக் குறிக்கும் ‘படி’யுடன் அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வரிசை மாற்றம் இவ்விரண்டிலும் சேராதது: மூவரை மூன்று நாற்காலிகளில் 6 விதமாக அமர்த்தலாம் என்பது அங்கே விடை.

கேள்வி (புத்தூர்): இசை கற்கும் என் மகளுக்குச் சரளி வரிசையில் பாட்டே இல்லையே?

பதில்: ஆம், அவை சுரப் பயிற்சிகள். மாயாமாளவகௌளை ராகத்தில் சுரங்கள் படிப்படியாக ஏறி இறங்கினால் சரளி, இரட்டித்து வந்தால் ஜண்டை. பாட்டு பின்னால் வரும்.

கேள்வி (சித்தூர், ஆசிரியை): பெயர்ப்பட்டியலை அகர வரிசைப்படுத்தினால் தமிழில் ‘ஜெயா’ கடைசியிலும் தெலுங்கில் நடுவிலும் வருகிறாள். எது சரி?

பதில்: அந்தந்த மொழியில் அதது சரி. தெலுங்கு நெடுங்கணக்கில் சகர வருக்கத்துக்குள்ளேயே ஜகரம் உண்டு. தமிழுக்கோ தொல்காப்பியம் ‘அகரமுதல் னகர இறுவாய்’ என்று எல்லை வகுத்துவிட்டதால், ஜ, ஸ போன்ற கிரந்த எழுத்துகள் னகரத்துக்குப் பின்னரே நிற்கின்றன. உங்கள் பட்டியல் கணினியில் தயாரானது என்றால் கூடுதலாக ஒன்றைக் கவனியுங்கள். கணினி எழுத்துகளுக்கு எண் தரும் ஒருங்குறியில் (Unicode) ஜ எழுத்து சகரத்தை அடுத்தும், ன எழுத்து நகரத்தை அடுத்தும், ற எழுத்து ரகரத்தை அடுத்தும், ள, ழ இரண்டும் வகரத்துக்கு முன்னும் வைக்கப்பட்டுள்ளன. குறியெண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் மென்பொருளில் தமிழ் அகர வரிசை குலைந்துவிடும். அடுக்கும் மொழியாகத் தமிழைத் தெரிவுசெய்த பின்னரே பட்டியலை அச்சிடுங்கள்.