லிஜியாங் போகலாமா?

கேள்வி: ஆண்டிறுதி விடுமுறைக்குச் சீனாவின் லிஜியாங் பழைய நகரம் போகலாம் என்று மகள் நச்சரிக்கிறாள். வீட்டுக்காரரோ, "நம் பினாங்கு ஜார்ஜ்டவுனில் பார்க்காத சீன வீடா?" என்கிறார். யார் பக்கம் பேசுவீர்கள்?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: என் ஓட்டு மகளுக்குத்தான். நம் கடைவீடுகளைக் கட்டியவர்கள் பெரும்பாலும் தென்சீனக் கடலோரத்திலிருந்து வந்தவர்கள். லிஜியாங், யுன்னான் மலைநாட்டில் நாசி இனத்தார் வளர்த்த ஊர். பழைய சீன நகரங்களுக்கு வழக்கமான சுற்றுமதில்கூடக் கிடையாது.

அங்கே வீட்டைவிடத் தண்ணீரைப் பாருங்கள். கறுப்பு டிராகன் குளத்து நீர் மூன்றாகப் பிரிந்து வாசல் வாசலாக ஓடுகிறது. முக்கண் கிணறு என்று ஒன்று உண்டு: அடுத்தடுத்து மூன்று தொட்டிகள். முதலாவது குடிக்க, அது வழிந்து வரும் இரண்டாவதில் காய்கறி அலசலாம், துணி துவைப்பது மூன்றாவதில்தான். அந்தக் காலத்தில் சந்தை கலைந்ததும் ஓடையை மறித்து, சதுக்கத்தின் கல்தரையில் தண்ணீரைத் திருப்பிவிட்டுக் கழுவுவார்களாம். நம் ஜார்ஜ்டவுன் சௌரஸ்தா மார்க்கெட்டின் ஈரத்தரையில் சேலையைத் தூக்கிப் பிடித்து நடந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

வீட்டுக்காரர் பேச்சையும் தள்ளிவிட முடியாது. இரண்டு ஊர்க் கதையும் ஏறக்குறைய ஒன்றுதான். லிஜியாங்கில் 1996 நிலநடுக்கத்தில் சுவர் சரிந்தாலும் மரச்சட்டம் நின்ற வீடுகள் பல. அடுத்த ஆண்டே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்தது. அப்புறம் என்ன, கூட்டம்! நாசிக் குடும்பங்கள் பல வீட்டை வாடகைக்கு விட்டுப் புதுநகரம் போய்விட்டன. இப்போது விடுதி, மேளத்தைத் தட்டிக்காட்டி விற்கும் கடை, மறுபடி விடுதி. நமக்கு இது புதிதா? 2000-இல், பழைய வீடுகளின் வாடகையை ஏறவிடாமல் வைத்திருந்த வாடகைக் கட்டுப்பாடு போனதும் ஜார்ஜ்டவுனில் எத்தனை குடும்பம் மூட்டை கட்டியது! நமக்கு யுனெஸ்கோ வந்தது 2008-இல். அதற்குள் பாதித் தெரு காலி. அங்கே பட்டியல் முன்னே, வெளியேற்றம் பின்னே. அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, போவதென்றால் பக்கத்துச் சிற்றூரான ஷூஹேயில் தங்குங்கள். அதுவும் பைஷா என்ற இன்னொரு சிற்றூரும் அதே உலகப் பாரம்பரியப் பகுதிதான், கூட்டம் குறைவு. லிஜியாங் பழைய நகரத்துக்கு விடிகாலையில், கடைகள் திறக்குமுன் போய்விடுங்கள். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,400 மீட்டர் உயரம் என்பதால் முதல் நாள் ஓடியாட வேண்டாம். இரத்த அழுத்தம் இருந்தால் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பசியாற 'பாபா' என்ற தட்டை ரொட்டி கிடைக்கும், நம் பரோட்டாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு. சைவக்காரர்கள் விசாரித்து வாங்கவும்.